அமீபாவும் ஆவியும்

நேயர்களுக்கு வணக்கம். எக்டோபிளாசம் என்றதும் விலங்கியல் படித்தவர்களுக்கு அமீபா நினைவுக்கு வரும். பேய்ப்படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆவி நினைவுக்கு வரும். இரண்டு பேரும் சொல்வது சரிதான். முதலில் அமீபாவைப் பார்த்துவிடுவோம்.

குளத்து நீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதில் அமீபா கிடைத்தால், நுண்ணோக்கியில் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். உடம்பின் உட்பகுதி துகள் துகளாக இருக்கும், ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் எண்டோபிளாசம். அதைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிவாக, துகளே இல்லாமல் ஒரு விளிம்பு தெரியும். அதுதான் எக்டோபிளாசம். அமீபா நகர நினைத்தால் இந்தத் தெளிந்த விளிம்பு ஓரிடத்தில் முதலில் பிதுங்கும். அப்புறம் உள்ளே இருக்கும் துகள்கள் அந்த இடத்துக்குள் பாயும். போலிக்கால் தயார். முன்பக்கம் போன குழம்பு ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது. பின்பக்கம் உறைந்திருந்தது இளகி மறுபடி உள்ளே ஓடுகிறது. ஆக்டின் என்ற புரத இழைகள் பின்னிக்கொள்வதும் பிரிவதும்தான் இதற்குப் பின்னால் இருக்கும் வேலை. வெளிச்சம் போட்டு, யார் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்தச் சொல்லை இருட்டறைக்குக் கொண்டுபோனவர் சாமியாரோ மந்திரவாதியோ அல்ல. பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஷார்ல் ரிஷே. ஒவ்வாமையின் கடுமையான வடிவமான அனஃபிலாக்சிஸ் பற்றிய ஆய்வுக்காக 1913-இல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே, யூசாபியா பலாடினோ என்ற இத்தாலிய மீடியத்தின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார். மீடியம் என்றால், ஆவிகளோடு தொடர்பு உண்டு என்று சொல்லிக்கொள்பவர். அந்த அம்மாவின் உடம்பிலிருந்து கை மாதிரி ஏதோ நீண்டு, பிறகு உள்ளே போய்விட்டதாம். உடலியல்காரருக்குப் போலிக்கால் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. மீடியத்தின் உடம்பிலிருந்து வெளிப்படும் பொருளுக்கு எக்டோபிளாசம் என்று பெயர் வைத்தார்.

1905-இல் அல்ஜியர்ஸ் நகரில் ஒரு மாளிகையில் நடந்ததைக் கேளுங்கள். மார்த் பெரோ என்ற இளம்பெண்தான் மீடியம். திரைக்குப் பின்னாலிருந்து தலைக்கவசம் அணிந்த ஓர் உருவம் வருகிறது. ரிஷே என்ன செய்தார்? பேரியம் கரைசல் வைத்திருந்த குழாயை நீட்டி ஊதச் சொன்னார். பள்ளியில் சுண்ணாம்பு நீரில் ஊதிப் பார்ப்போமே, அதே சோதனைதான். கரைசல் வெளுத்தது. அதாவது, ஆவி கரியமில வாயு விடுகிறது! கூடியிருந்தவர்கள் "பிராவோ" என்று கூவ, அந்த உருவம் தலை வணங்கியதாம். உங்களுக்கும் எனக்கும் அந்த வெண்மை ஒன்றைத்தான் சொல்லும்: நிற்பது ஓர் ஆள். ரிஷேயோ, உருவெடுத்த ஆவி மூச்சும் விடுகிறது என்று எடுத்துக்கொண்டார். சோதனையில் குறையே இல்லை. விடையை மட்டும் அவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார்.

அதே பெண் பிறகு ஈவா என்ற பெயரில் பாரிசில் பிரபலமானார். மியூனிக் மருத்துவர் ஷ்ரெங்க்-நோட்சிங் அவரை ஏராளமாகப் படம் எடுத்தார். 1912-இல் எடுத்த ஒரு படத்தில், ஆவியின் பொருள் என்று சொன்னதில் "லெ மிரோ" என்ற எழுத்துகள் தெரிகின்றன. லெ மிருவார் என்பது அன்றைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றின் பெயர். ஆவி முகங்களில் அமெரிக்க அரசியல் தலைவர் உட்ரோ வில்சன் சாயலும் இருந்தது. வில்சன் அப்போது உயிரோடு, நன்றாகவே இருந்தார்.

ஸ்காட்லாந்து மீடியம் ஹெலன் டங்கன் கதை இன்னும் விசேஷம். 1931-இல் லண்டனில் ஹாரி பிரைஸ் என்பவர் அவரைச் சோதித்தார். படங்களில் எக்டோபிளாசத்தின் மடிப்புகளும் துணியின் கரையும் கிழிசலும் அப்படியே விழுந்தன. சல்லாத் துணியை விழுங்கி வைத்திருந்து வெளியே கொண்டுவருகிறார் என்பது பிரைஸின் முடிவு. எக்ஸ்ரே எடுக்கலாம் என்றதும் அம்மையார் அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். திடீரென்று வெளிச்சம் பட்டால் மீடியத்தின் உயிருக்கே ஆபத்து என்பது இந்தக் கூட்டங்களின் நிரந்தர நிபந்தனை. எவ்வளவு வசதியான நிபந்தனை, பாருங்கள்.

போர்க்காலத்தில் அவருக்குக் கூட்டம் குறையவில்லை. 1941 நவம்பரில் பார்ஹம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கி 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு அதை வெளியிடும் முன்பே, அக்கப்பலின் மாலுமி ஒருவரின் ஆவியை டங்கன் அழைத்ததாகப் பேச்சு. 1944-இல் போர்ட்ஸ்மத்தில் கைதானார். வழக்கு எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1735-ஆம் ஆண்டு சூனியச் சட்டத்தில்! ஒன்பது மாதச் சிறை. இந்தப் பழங்காலச் சட்டத்தை எதற்கு எடுத்தீர்கள், எவ்வளவு செலவானது என்று பிரதமர் சர்ச்சில் உள்துறை அமைச்சரை எரிச்சலோடு கேட்டு எழுதினார். 1951-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, ஏமாற்றும் மீடியங்களைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வந்தது.

டங்கனின் எக்டோபிளாசத்தில் ஒரு துண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. வெள்ளைத் துணி.

நன்றி, வணக்கம்.