நூறு டாலரும் கோடு போட்ட நோட்டும்

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வார லீவு தூக்கத்தை விட்டுட்டு வந்து பாடம் நடத்துற தமிழ்ப் பள்ளி டீச்சர்களே, காலையில இருந்து வடைச் சட்டிக்கு முன்னாடியே நிக்கிற தன்னார்வலர்களே, முக்கியமா பொருளாளர் அவர்களே, போன வருஷம் உங்க பேரை விட்டுட்டேன், அதுக்கு இன்னைக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

மூணு விஷயம் பேசப் போறேன்.

போன மாசம் மிசௌரில மான்ஸ்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊருக்குப் போனோம், லாரா இங்கல்ஸ் வைல்டர் மியூசியம், நம்ம பிள்ளைங்க லைப்ரரில எடுக்குற ‘லிட்டில் ஹவுஸ்’ புக் எல்லாம் எழுதுனாங்களே அவங்கதான். முதல் புக் 1932ல வந்தப்ப அவங்களுக்கு வயசு 65. கோடு போட்ட ஸ்கூல் நோட்டு, பென்சில் எழுத்து, அவ்வளவுதான் முதலீடு. எழுதும்மா எழுதும்மான்னு பின்னாடியே நின்னது மகள் ரோஸ். எங்க அப்பத்தா சொல்லும், ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு.

அவங்க வாழ்ந்த வீடும் அங்கயே இருக்கு. லாரா அஞ்சடி கூட கிடையாது, அதனால புருஷன் அல்மான்சோ சமையல் மேடையையே அவங்க உயரத்துக்குத் தாழ்வா கட்டிக் குடுத்திருக்காரு. எங்க வீட்டம்மா அதைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல.

இப்ப கதைக்கு வர்றேன். 1894, தெற்கு டகோட்டால தொடர்ந்து வறட்சி, கடன், ஊரை விட்டே கிளம்புறாங்க. குதிரை வண்டி, ஏழு வயசு ரோஸ், 650 மைல், ஆறு வாரம். லாரா தையல் கடையில நாள் கூலிக்கு உக்காந்து சேர்த்த காசு, ஒத்த நூறு டாலர் நோட்டா மாத்தி, மடியில வச்சு எழுதுற மரப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சாச்சு. வந்து சேர்ந்து நிலமும் பிடிச்சுப்போச்சு, பேங்க்குக்குப் போகணும், பெட்டியைத் திறந்தா நோட்டைக் காணோம்! கவுத்துப் பார்க்குறாங்க, தட்டிப் பார்க்குறாங்க, நீ எடுத்தியாடின்னு பிள்ளைகிட்டயே கேட்டாங்க, அது மூஞ்சி தொங்கிப்போச்சு. நாள் ஓடுது, கையில காசு கரையுது, புருஷன் கூலி வேலைக்குப் போகலாமான்னு பார்க்குறாரு. கடைசில எங்க இருந்துச்சு? அதே பெட்டியில, பலகை இடுக்குல சொருகிக்கிட்டு! நம்ம அம்மாக்கள் அரிசி டப்பாவுல காசை வச்சுட்டு அஞ்சறைப்பெட்டியில தேடுவாங்களே, அதேதான்.

ரெண்டாவது விஷயம். கான்சாஸ்ல லாரா குடும்பம் வீடு கட்டுனது ஓசேஜ்ங்கிற பழங்குடி மக்களோட நிலத்துல. பழங்குடி மக்களைப் பத்தி லாரா எழுதுன விதத்தால, லாரா பேர்ல இருந்த குழந்தை இலக்கிய விருதோட பேரையே 2018ல மாத்திட்டாங்க. இதைப் பிள்ளைங்ககிட்ட மறைக்காம பேசணும், விரிவா சொல்லலாம்னுதான் வந்தேன், தலைவர் வாட்ச்சைப் பார்க்குறாரு.

நான் ரெண்டு வருஷமா கேக்குறது ஒரே ஒரு அலமாரி. ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் ரூம்ல சீரியல் பார்க்குற நம்ம அம்மா அப்பாகிட்ட ஒரு நோட்டைக் குடுங்க. எழுத வராதுன்னு சொல்லுவாங்க, அப்பப் பேச விட்டு நீங்க எழுதுங்க, ஆடிக் கறக்குறதை ஆடி, பாடிக் கறக்குறதைப் பாடி. அந்த நோட்டெல்லாம் நம்ம பள்ளி அலமாரியில இருக்கட்டும், செயலாளர் சார், நீங்க போன மீட்டிங்ல தலையாட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு.

காபி டேபிள் பக்கத்துல நாப்பது நோட்டு வச்சிருக்கேன், பென்சிலும் சீவியே வச்சிருக்கேன். மூணாவது விஷயம்... சரி சரி, பெல் அடிச்சுட்டாங்க. நன்றி, வணக்கம்.