நனைந்த கல் ஏன் கறுக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர்க் கோட்டை அகழியின் கரையில் நின்று காலடிக்கு நேர்கீழே குனிந்து பார்த்தால் நீரின் பசுமை தெரியும். நிமிர்ந்து எதிர்ப்பக்கம் நோக்கினால் அதே நீரில் கோட்டைச் சுவர் தலைகீழாகத் தெரியும். நீர் ஒன்றுதான், ஒளி அதன்மேல் படும் சாய்வுதான் வேறு. செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கை மட்டும் திருப்பி அனுப்பும் நீர்ப்பரப்பு, செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்து வரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறது.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். வெயிலில் வெளிறிய சாம்பல் நிறமாக நிற்கும் அந்தக் கல், ஒரு மழைக்குப் பின் நன்றாகக் கறுத்துவிடுகிறது. கருங்கல் என்று பெயரிட்டவர் மழைக்காலத்தில்தான் பெயரிட்டிருக்க வேண்டும் என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. நீருக்கு நிறமில்லையே, பின் கறுப்பு எங்கிருந்து வந்தது?

உலர்ந்த கல்லின் சொரசொரப்பான முகத்தில் பட்ட ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் கல்லின்மேல் வெண்மையாகப் படிந்ததுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. நனைந்த கல்லிலும் ஒளி சிதறத்தான் செய்கிறது. ஆனால் வெளியேறுவதற்கு முன் அது மேலே படிந்திருக்கும் நீர்ப்படலத்தைக் கடந்தாக வேண்டும். செங்குத்திலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து செல்லும் கதிர்கள் படலத்தின் மேற்பரப்பைத் தாண்ட முடியாமல், முழு அக எதிரொளிப்பு அடைந்து மீண்டும் கல்லிலேயே விழுகின்றன. விழும் ஒவ்வொரு முறையும் கல் அவற்றில் ஒரு பகுதியை உட்கொண்டுவிடுகிறது. நுண்துளைகளில் புகுந்த நீர் ஒளியை இன்னும் ஆழத்துக்கு இழுத்துச் செல்வதும் ஒரு காரணம். எண்ணெய்க்காப்பு முடிந்த மூலவர் திருமேனி அத்தனை கறுப்பாகத் துலங்குவதும் இதே கணக்கில்தான்.

ஆம்பூர், இராணிப்பேட்டை டேனரிகளில் தோலைக் கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மேடுபள்ளம் அடங்கினால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, அவ்வளவுதான்.

உலோகங்களின் சங்கதி தனி. அவற்றில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள், ஒளியை உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. ஆயினும் தங்கம் நீலத்தையும் ஊதாவையும் பெருமளவு விழுங்கிவிட்டு, மஞ்சளையும் சிவப்பையும் தாராளமாகத் திருப்பித் தருகிறது; ஸ்ரீபுரத்துப் பொற்கோயிலின் நிறம் அந்தக் குறைபாட்டின் நிறமே என்றால் பக்தர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த ஜவ்வாது மலைக் காவலூரில், 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிவரும் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆடிக்கு அதனால்தான் பொன் உதவாது. நீல விண்மீன்களின் ஒளியை இழக்க வானியலாளருக்கு மனம் வருமா? கண்ணுறு ஒளியின் எல்லா நிறங்களிலும் ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பித் தரும் அலுமினியத்தைத்தான் அத்தகைய ஆடிகளின் முகப்பில் மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அகச்சிவப்புக் கதிர்களை நாடி 2021-இல் விண்ணுக்குச் சென்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடிகளுக்கோ தங்கமே பூசப்பட்டிருக்கிறது.