முடிவுக்கு மதிப்புக் கொடுக்கும் விளையாட்டு

நேயர்களுக்கு என் வணக்கம்.

கணினி விளையாட்டுகளில் உத்தி விளையாட்டு, பாத்திரமேற்பு விளையாட்டு என்ற இரண்டு வகைகளைப் பற்றி, அவற்றை விளையாடுகிறவர்கள் சொல்லும் அனுபவத்தை வைத்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். உத்தி விளையாட்டில் நாம் ஒரு நாட்டையோ படையையோ நடத்துகிறோம். விளையாடுகிறவர்கள் ஆர்.பி.ஜி. என்று சுருக்கிச் சொல்லும் பாத்திரமேற்பு விளையாட்டில், நாமே ஒரு கதாபாத்திரமாகி, அந்தக் கதை எப்படிப் போக வேண்டும் என்பதை நம் செயல்களால் தீர்மானிக்கிறோம். ஸ்டார்கிராஃப்ட் போன்ற நிகழ்நேரப் போர் விளையாட்டுகளில் கைவேகமும் வெற்றியைத் தீர்மானிக்கும். அவற்றை இன்று விட்டுவிட்டு, நிதானமாக யோசித்து முடிவெடுக்க இடம் தரும் விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இவற்றை விளையாடியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். படம் அழகாக இருக்கிறது, இசை நன்றாக இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுடைய மகிழ்ச்சியும் சரி, மனத்தாங்கலும் சரி, நான் எடுத்த முடிவுக்கு இந்த விளையாட்டு மதிப்புக் கொடுத்ததா என்ற ஒரே கேள்வியிலிருந்து வருவது தெரியும். இந்த விளையாட்டுகளின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

எக்ஸ்காம் என்ற விளையாட்டைப் பாருங்கள். 1994இல் ஜூலியன் கோலப் உருவாக்கிய விளையாட்டின் வழியில், ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012இல் இதைப் புதிதாக வெளியிட்டது. வேற்றுக்கிரகத்தாரின் படையெடுப்பை நான்கு முதல் ஆறு வீரர்கள் கொண்ட சிறு குழுவை வைத்துக்கொண்டு எதிர்க்க வேண்டும். வீரர்களுக்கு நாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். பலரும் நண்பர்களின் பெயரையே வைப்பார்கள். களத்தில் இறந்த வீரர் இறந்தவர்தான், மறுபடி வரமாட்டார். சுடுவதற்கு முன்னால், குண்டு படுவதற்கான வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டப்படும். எதிரிக்குப் பக்கத்தில் போய் நின்று, 95 சதவீதம் என்று பார்த்து, நம்பிக்கையோடு பொத்தானை அழுத்தினால், குண்டு சுவரில் போய்ப் படும். அடுத்த முறை எதிரியுடையது. நண்பரின் பெயரைச் சுமந்த அந்த வீரர் விழுந்துவிடுவார்.

இதை விளையாடியவர்களில் இப்படி ஒரு சம்பவம் சொல்லாதவரைக் காண்பது அரிது. விளையாட்டு ஏமாற்றுகிறது என்று அவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் 95 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று தவறும் என்றுதான் பொருள். ஒரு களத்தில் இருபது முப்பது முறை சுடுகிறோம் என்றால், ஒன்றாவது தவறுவதற்கே வாய்ப்பு அதிகம். பட்ட குண்டுகள் நினைவில் நிற்பதில்லை, படாத ஒன்று மட்டும் மறப்பதே இல்லை. சிவிலைசேஷன் தொடரை உருவாக்கிய சிட் மையர், 2010இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் ஆற்றிய உரையில் இதைத்தான் விளக்கினார். தன் படை எதிரியைவிட மூன்று மடங்கு வலிமையுள்ளதாக இருந்தும் தோற்றால் அநியாயம் என்று சொல்கிறவர், மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு தானே வெல்லும்போது ஒரு குறையும் சொல்வதில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்த மனப்போக்கை ஏற்றுக்கொண்டு, தங்கள் விளையாட்டின் கணக்கையே அவரும் அவருடைய குழுவினரும் மாற்றியமைத்தார்கள்.

வேறு சிலர் இன்னும் தூரம் போனார்கள். ஜப்பானியத் தொடரான ஃபயர் எம்பளம், 2002 முதல் பல பாகங்களில் அடி படுமா என்பதைத் தீர்மானிக்கக் குலுக்கல் போல எடுக்கும் ஒரு சமவாய்ப்பு எண்ணுக்குப் பதிலாக இரண்டை எடுத்து அவற்றின் சராசரியைப் பயன்படுத்தியது. அதனால் திரையில் 90 என்று காட்டும்போது உண்மையான வாய்ப்பு ஏறக்குறைய 98 ஆகவும், 75 என்று காட்டும்போது 87க்கு மேலாகவும் இருந்தது. 2016இல் வந்த எக்ஸ்காம் 2, எளிய நிலைகளில் விளையாடுகிறவருக்குத் தெரியாமலேயே சிறிது கை கொடுத்தது. எது நியாயம் என்று கேட்டால், எளிய நிலைகளில் இந்த உதவியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்து, எண்ணை நம்பித் திட்டம் போடுகிறவருக்கு உண்மையான எண்ணைத்தான் காட்ட வேண்டும். இந்தச் சிக்கலுக்கு 2018இல் வந்த இன்டு தி பிரீச் அழகான தீர்வு கண்டது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட சிறிய பலகையில், எதிரி அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறது என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே மிகக் கொஞ்சமே வேலை. அதில் தோற்றவர்கள் விளையாட்டைத் திட்டி நான் கேட்டதில்லை. எந்த நகர்வில் சறுக்கினோம் என்பதைத்தான் விளக்குவார்கள்.

பெரிய உத்தி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு வேறு மாதிரியானது. 1991இல் தொடங்கிய சிவிலைசேஷனில், கி.மு. 4000இல் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கி, நகரம் எழுப்பி, விண்வெளிக்கு ஆள் அனுப்பும் காலம்வரை ஒரு நாகரிகத்தை நடத்துகிறோம். இன்னும் ஒரே ஒரு டர்ன், அதாவது ஒரு முறை, ஆடிவிட்டுத் தூங்கலாம் என்று உட்கார்ந்து விடியவைத்த கதை, இதை விளையாடிய எல்லோரிடமும் இருக்கும். அதற்கான காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நகரத்தில் நூலகம் முடிய இரண்டு டர்ன் இருக்கும், ஆராய்ச்சி முடிய மூன்று இருக்கும், எல்லைக்கு அனுப்பிய படை போய்ச்சேர நான்கு இருக்கும். ஒன்று முடியும்போது மற்றொன்று பாதியில் நிற்பதால், எழுந்து போவதற்கான இடமே வருவதில்லை.

அதே விளையாட்டைப் பாதியில் விட்டவர்களும் ஏராளம். ஆட்டம் பாதியைத் தாண்டும்போதே யார் வெல்வார் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டர்னிலும் இருபது நகரங்களைக் கவனித்து, படைகளை ஒவ்வொன்றாக நகர்த்துவது வெறும் வேலையாகிவிடுகிறது. தொடக்கத்தில் நகரத்தை ஆற்றங்கரையில் அமைப்பதா, மலையடிவாரத்தில் அமைப்பதா என்ற முடிவு நூறு டர்ன் கழித்தும் பலன் தந்தது. கடைசியில் எடுக்கும் முடிவு எதையும் மாற்றுவதில்லை. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகம் இந்தச் சோர்வைப் போக்க நினைத்து, ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு யுகத்திலும் வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது, மருந்துதான் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் வளர்த்ததை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்ற குறை பரவலாகக் கேட்டது. அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தோல்வியையும் சுவையாக்க முடியும் என்பதற்கு குரூசேடர் கிங்ஸ் நல்ல சான்று. 2012இல் இரண்டாம் பாகமும் 2020இல் மூன்றாம் பாகமும் வந்த இந்த விளையாட்டில், இடைக்கால அரச குலம் ஒன்றை நடத்துகிறோம். அரசர் இறந்தால் ஆட்டம் முடிவதில்லை, வாரிசாக நாம் தொடர்கிறோம். பல நாடுகளின் சட்டப்படி நிலம் மகன்களுக்குப் பங்கு பிரிக்கப்படும் என்பதால், ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ராஜ்யம் ஒரே நாளில் மூன்று துண்டாகும். அண்ணன் மேல் தம்பி படையெடுப்பான். இதை விளையாடியவர்கள் வெற்றியைவிட வீழ்ச்சியையே விரிவாகவும் உற்சாகமாகவும் சொல்வதை நான் கவனித்திருக்கிறேன். அந்த வீழ்ச்சிக்கான விதை, அவர்களே நடத்திவைத்த ஒரு திருமணத்திலோ, கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு மகனிலோ இருந்திருக்கும்.

ஆர்.பி.ஜி. பக்கம் வருவோம். 2002இல் வந்த மோரோவிண்டில், போக வேண்டிய இடத்தை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டமாட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் வாயால் வழி சொல்வார்: பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு, பாறைகளுக்கு நடுவே ஒரு கதவு தெரியும் என்று. அது நம் குறிப்பேட்டில் பதிவாகும். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, சாம்பல் புயலில் நடந்து கண்டுபிடிக்க வேண்டும். சில இடங்களில் சொன்ன வழி தெளிவில்லாமல் இருந்ததால் மணிக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு, அவர்கள் எரிச்சல்பட்டதும் நியாயமே. 2006இல் அடுத்த பாகமான ஒப்ளிவியன், திசைகாட்டியில் குறி வைத்து அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. அலைச்சல் போயிற்று, வழி சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டிய தேவையும் கூடவே போயிற்று. மோரோவிண்டை விளையாடியவர்கள் அந்த நிலத்தின் ஊர்களையும் ஆறுகளையும் இன்றும் நினைவிலிருந்து சொல்வதற்குக் காரணம் இதுதான் என்பேன்.

ஒப்ளிவியன் மேல் வேறொரு பெரிய குறையும் உண்டு. நாம் வலிமை பெறப் பெற உலகமும் அதே அளவுக்கு வலிமை பெறும். அதனால் வழிப்பறி செய்யும் சாதாரணத் திருடன்கூட ஒரு கட்டத்தில் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து நிற்பான். அத்தனை மணி நேரம் பயிற்சி செய்து உயர்ந்ததற்குப் பலன் என்ன என்று விளையாடியவர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் அந்த விளையாட்டு இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவத்தைத் தந்தது 1997இன் ஃபால்அவுட். அதன் இறுதி எதிரியை ஆயுதத்தால் வீழ்த்தலாம். வேண்டாமென்றால், அவன் படைக்கும் புதிய இனம் பிள்ளை பெற இயலாதது என்ற ஆதாரத்தைத் தேடிக் கண்டெடுத்து, பேச்சுத்திறனுள்ள கதாபாத்திரத்தைக் கொண்டு, அவன் கனவு பலிக்காது என்பதை அவனுக்கே புரியவைக்கலாம். ஒரு குண்டுகூடச் சுடாமல் கதையை முடித்தேன் என்று சொல்கிறவரின் குரலில் தெரியும் நிறைவை, எந்தச் சண்டைக் காட்சியும் தர முடியாது.

முடிவின் பலன் உடனே தெரிய வேண்டும் என்பதில்லை. 2015இல் வந்த தி விட்சர் 3இல், ஒரு மரத்தடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று தீர்மானிக்க வேண்டி வருகிறது. விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஆனால் வேறொரு குடும்பம் அழிகிறது. கொன்றால் குழந்தைகளைக் காணோம். எது எதனோடு தொடர்புள்ளது என்பது வெகுநேரம் கழித்தே விளங்குகிறது. அதற்குள் நெடுந்தூரம் வந்துவிட்டதால், முன்பு சேமித்து வைத்த ஆட்டநிலைக்கு, அதாவது பழைய சேவுக்கு, திரும்பிப்போய் மாற்றிக்கொள்ளப் பலருக்கும் மனம் வருவதில்லை.

மாஸ் எஃபெக்ட் தொடரில் நேர்ந்தது அனைவரும் அறிந்தது. 2007இல் தொடங்கி மூன்று பாகங்களிலும் ஒருவர் எடுத்த முடிவுகளை, சேவ் கோப்பின் வழியாக அது அடுத்தடுத்த பாகத்துக்குச் சுமந்து வந்தது. 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சிகள், நிறம் மட்டும் மாறி ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தபோது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. அந்த ஜூன் மாதமே, விரிவாக்கிய இறுதிக்காட்சிகளைத் தயாரிப்பாளர்கள் இலவசமாக வெளியிட்டார்கள். ரசிகர்கள் அடம்பிடித்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகள் காத்த வாக்கை, காக்கும்படி அவர்கள் கேட்டார்கள்.

2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 இருபது முகப் பகடையைத் திரையில் கண்ணெதிரே உருட்டிக் காட்டுகிறது. அதில் ஒன்று என்ற எண் விழுந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த முயற்சி தோற்றதுதான். எக்ஸ்காமில் தவறிய குண்டுக்குக் கோபப்பட்டவர்களே இங்கே விழுந்த ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். காவலரை ஏமாற்றப் போய் மாட்டிக்கொண்டாலும், கதை நின்றுவிடாமல் சிறைக்குள் தொடர்கிறது, தப்பிக்க வேறொரு வழியும் திறக்கிறது என்பதால் அந்தத் தோல்வியை அவர்களால் ஏற்க முடிகிறது.

புதிதாகத் தொடங்க நினைக்கும் நேயர்களுக்கு என் பரிந்துரையையும் சொல்லிவிடுகிறேன். உத்தி விளையாட்டுக்கு இன்டு தி பிரீச்சில் தொடங்குங்கள்; விதிகளை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆர்.பி.ஜி.க்கு பால்டர்ஸ் கேட் 3 பொருத்தமானது, ஆனால் நூறு மணி நேரத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும் என்பதால் ஓய்வு இருக்கும்போது தொடங்குவது நல்லது. ஃபால்அவுட்டின் முதல் பாகம் பழைய அமைப்பில் இருப்பதால் முதல் சில மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். அதைத் தாண்டிவிட்டால், கடைசி எதிரியிடம் பேசிப் பார்க்க மறக்காதீர்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.