ரிஃபைனரி தானே வாங்கி ஊற்றும் பாஸ்பரஸ்

வணக்கம் நேயர்களே. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கழிவுநீரில் என்ன இருக்கும் என்று கேட்டால் எண்ணெய், பீனால், சல்பைடு என்று வரிசையாகச் சொல்வார்கள். பாஸ்பரஸ் யார் வாயிலும் வராது. தொழிற்சாலை நீர் வேதியியலில் வேலை பார்த்தவன் நான், இன்றைக்கு அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். கந்தகம் கச்சா எண்ணெயோடு கூடவே வந்துவிடுகிறது, அதை வாசலில் நிறுத்த முடியாது. பாஸ்பரஸ் அப்படி இல்லை. கச்சா எண்ணெயில் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். ஆலையை விட்டு வெளியே போகும் பாஸ்பரஸில் பெரும்பங்கு, ஆலை காசு கொடுத்து வாங்கி, கேன் கேனாக இறக்கி, தன் கையாலேயே ஊற்றியது. கையில் இருக்கிற விஷயத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கே ஊற்றுகிறார்கள்? பாய்லரில் டிரைசோடியம் பாஸ்பேட் போடுகிறார்கள், தண்ணீரில் தப்பித்தவறி வந்த கால்சியம் குழாயில் கல்லாகப் படியாமல் மென்மையான சேறாக அடியில் இறங்கட்டும் என்று. அளவு கொஞ்சம்தான், அதை விட்டுவிடலாம். பெரிய ஆள் கூலிங் டவர், ஆலையின் சூடான தண்ணீரை ஆறவைக்கும் கோபுரம். ஒருகாலத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அங்கே குரோமேட் போட்டார்கள். அது நச்சு என்று கைவிட்டபோது அந்த இடத்துக்கு வந்ததுதான் பாஸ்பேட்டும் பாஸ்போனேட்டும், இரண்டிலும் பாஸ்பரஸ் உண்டு. டவரில் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், உப்புகள் மட்டும் தங்கிவிடும், ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது மாதிரி. ஒரு கட்டத்தில் கெட்டிப்பட்ட தண்ணீரில் கொஞ்சத்தைத் திறந்துவிட வேண்டும், அதைத்தான் ப்ளோடவுன் என்கிறோம். போட்ட பாஸ்பரஸில் பெரும்பகுதி அதோடு கிளம்பி வருகிறது. கூடுதலாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால், வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் கருவியான எக்ஸ்சேஞ்சரின் சூடான குழாய்களில் கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாகப் படிந்து வெப்பம் கடத்துவதையே கெடுத்துவிடும். காசும் போச்சு, குழாயும் போச்சு.

மூன்றாவது இடம்தான் எனக்கு முக்கியம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஈ.டி.பி. என்பார்களே, அங்கே எண்ணெய்க் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. எண்ணெய்க் கழிவில் கார்பன் ஏராளம், பாஸ்பரஸ் அநேகமாக இல்லை. பி.ஓ.டி. என்பது கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், கழிவு எவ்வளவு என்று காட்டும் எண். 100 பங்கு பி.ஓ.டி.க்கு 5 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்பது பழைய கணக்கு. அதனால் பாஸ்பாரிக் அமிலத்தையோ டி.ஏ.பி. உரத்தையோ கரைத்து விடுகிறார்கள். விடத்தான் வேண்டும். பாஸ்பரஸ் பற்றாமல் போனால் கிருமிகள் வழவழவென்று ஒரு பசையைக் கக்கும், சேறு அடியில் இறங்காமல் மேலேயே மிதக்கும், கடைசியில் கலங்கல் தண்ணீர்தான் வெளியே போகும். அதனால் "பாஸ்பரஸையே நிறுத்து" என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது வேறு. கூலிங் டவர் ப்ளோடவுனும் பல இடங்களில் இதே தொட்டிக்குத்தான் வந்து சேர்கிறது, அதிலேயே பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனாலும் அமிலத்தையோ உரத்தையோ அளந்து விடும் டோசிங் பம்ப் என்றைக்கோ யாரோ வைத்த அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்த ஓர் ஆலையில் பம்பின் திருகில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் திருகு அந்தக் கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் சரி என்று போய்விடுவார்கள். தொட்டிக்கு வரும் பி.ஓ.டி. பாதியாகக் குறைந்த நாளிலும் அதே கோடுதான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 100 கிலோவில் சுமார் 27 கிலோ பாஸ்பரஸ். ஒரு நாளில் அந்த 27 கிலோ பாஸ்பரஸ் தேவைக்கு மேல் போய்விட்டது, வெளியேறும் தண்ணீர் ஒரு கோடி லிட்டர் என்று வையுங்கள், லிட்டருக்கு 2.7 மில்லிகிராம் ஏறிவிடும். மத்திய அரசு 2008 மார்ச்சில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வெளியிட்ட அறிவிக்கையில் பாஸ்பரஸுக்கான வரம்பே லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான். 1000 டன் கச்சா எண்ணெய்க்கு 1.2 கிலோ என்று மொத்த அளவுக்கும் வரம்பு உண்டு. லேப் தாளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்பேட்டாக எழுதினால் 9.2, பாஸ்பரஸாக எழுதினால் 3, இரண்டும் ஒரே அளவு. எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று கேட்காமல் தாளைப் படித்துப் பயனில்லை.

சரி, இந்த மூன்று மில்லிகிராமுக்கு ஏன் இத்தனை பேச்சு? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரி இருக்கிறது. 1973-இல் ஏரிகளை ஆராய்ந்த விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லரின் குழு அதன் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் முழுக்கப் பாசி பூத்துப் பச்சையாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். எண்ணூர்க் கழிமுகம் மாதிரி உப்பு கலந்த நீரில் நைட்ரஜனுக்கும் பெரிய பங்கு உண்டு, வீட்டுச் சாக்கடையும் அங்கே நிறைய வருகிறது, ஆலைகள் மட்டுமே குற்றவாளி என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆனால் நைட்ரஜனைக் கிருமிகளால் வாயுவாக்கிக் காற்றில் விட முடியும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. சேற்றோடு போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரோடு போக வேண்டும். கடைசியில் படிகாரத்தையோ ஃபெரிக் குளோரைடையோ போட்டு அதைச் சேறாக்கலாம்தான், ஆனால் முதலில் வாங்கி ஊற்றியதை எடுக்க மறுபடியும் ஒரு ரசாயனத்தை வாங்குகிறோம், அள்ளிப்போட இன்னும் கொஞ்சம் சேறும் சேர்கிறது. பாறை பாஸ்பேட்டைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிற நாடு நம்முடையது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மணலியில் ஒரு விசேஷம் உண்டு. அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை 1990-களிலிருந்தே சென்னையின் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து பயன்படுத்தி வருகிறது. 2019-இலிருந்து கொடுங்கையூர் நிலையம் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஆர்.ஓ. செய்து அந்தப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புகிறது. குடிநீரைத் தொடாத ஏற்பாடு என்பதால் நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் சாக்கடை நீரில் சோப்புத்தூளும் மனிதக் கழிவும் கொண்டுவந்த பாஸ்பேட் இருக்கும், ஆர்.ஓ. செய்த நீரில் அது அநேகமாக இருக்காது. இப்படித் தண்ணீர் மாறும் எந்த ஆலையிலும் டவருக்குப் போடும் மருந்தின் அளவும் அன்றைக்கே மாற வேண்டும். பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது.

என்ன செய்யலாம் என்றால், முதலில் பாக்டீரியாச் சேறு அடியில் இறங்கும் தொட்டியான செகண்டரி கிளாரிஃபையரிலிருந்து வெளியே வரும் நீரில் கரைந்த பாஸ்பேட்டைத் தினமும் சோதியுங்கள். பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் மிச்சம் இருந்தாலே கிருமிகளுக்குப் போதும், அதற்கு மேல் போனால் பம்பைக் குறையுங்கள், ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, சேறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் ஸ்டோர் கணக்கை எடுங்கள். இந்த மாதம் வாங்கிச் செலவழித்த பாஸ்பரஸ் எத்தனை கிலோ, சேற்றில் எத்தனை, தண்ணீரில் எத்தனை என்று ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால், எங்கோ ஒரு மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, இல்லை எக்ஸ்சேஞ்சர் குழாயில் படிந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஷட்டவுனில் அந்தக் குழாயைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.