புத்தகத்தை மூடிய பிறகு தொடங்கும் படிப்பு

[திரையில்: மஞ்சள் கோடுகள் நிறைந்த ஒரு பக்கம்]

ஒரு பாடத்தை ராத்திரி உட்கார்ந்து படிக்கிறோம். முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் கோடு போட்டாகிவிட்டது. இரண்டாவது தடவை புரட்டும்போது எல்லாமே தெரிந்ததாகத்தான் படுகிறது. நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். மறுநாள் யாராவது, "நேத்து என்ன படிச்சே, கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டால், "அது வந்து..." என்று ஆரம்பித்து, அந்த "வந்து"விலேயே நின்றுவிடுகிறோம்.

ஞாபக சக்தி போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். அநேகமாக ஞாபக சக்தியில் ஒரு குறையும் இருக்காது. கண்ணுக்குப் பழகிய வரியை, தெரிந்த வரி என்று மனம் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். ஒரு முகத்தைப் பார்த்ததும் இன்னார் என்று சொல்வது எல்லோருக்கும் முடியும். அதே முகத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னால்தான் தெரியும், எவ்வளவு கவனித்திருக்கிறோம் என்பது.

வகுப்பில் படிப்பவருக்கு இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஆசிரியர் இருக்கிறார், தேர்வு இருக்கிறது. தானாகப் படிப்பவருக்கு அந்த ஆள் கிடையாது. அதனால் பாடத்தோடு சேர்த்து இன்னொரு வேலையையும் அவர் கற்றுக்கொண்டாக வேண்டும்: தன்னைத் தானே சோதிப்பது. இந்த வீடியோ அதைப் பற்றியது. உற்சாகமூட்டும் பேச்சு இதில் இருக்காது. அதற்கு வேறு சேனல்கள் நிறைய இருக்கின்றன.

[திரையில்: 1885. சரிந்து போகும் ஒரு வளைகோடு]

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் தன் நினைவாற்றல் சோதனைகளை வெளியிட்டார். சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் விட்டு அதே வரிசையை மறுபடி கற்பார். முதல் தடவையோடு ஒப்பிட்டால் இரண்டாம் தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். 20 நிமிடம் கழித்துக் கற்றபோது மிச்சம் சுமார் 58 சதவீதம். ஒரு நாள் கழித்து சுமார் 34. 31 நாள் கழித்து சுமார் 21.

இதை வைத்துக்கொண்டு, "படித்ததில் முக்கால்வாசி ஒரே நாளில் மறந்துவிடும்" என்று ஒரு போஸ்டர் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிப் பயப்பட வேண்டாம். அவர் அளந்தது பொருளற்ற அசைகளை. அர்த்தத்தோடு படித்த கதையோ கருத்தோ அந்த வேகத்தில் போகாது. நமக்கு வேண்டியது எண்கள் இல்லை, கோட்டின் வடிவம். முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிகிறது, அப்புறம் மெல்ல மெல்லத் தட்டையாகிறது. ஆகவே முதல் மறுபார்வை சீக்கிரம் வர வேண்டும், அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம்.

சரி, மறுபார்வை என்றால் மறுபடி படிப்பதா? இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள்.

[திரையில்: இரண்டு பத்திகள், 5 நிமிடம், 1 வாரம்]

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்ன உரைநடைப் பகுதிகள் தரப்பட்டன. சில பகுதிகளை இரண்டு தடவை படித்தார்கள். சிலவற்றை ஒரே தடவை படித்துவிட்டு, இரண்டாவது தடவைக்குப் பதிலாக நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததுதான் முந்தியது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: இரண்டு தடவை படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. எழுதியதில் சரி எது, தப்பு எது என்று யாரும் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி எனக்கு இன்னும் பிடிக்கும். எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். நன்றாகப் போகிறது என்ற உணர்வு எவ்வளவு தாராளமாகப் பொய் சொல்லும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துவிதமான படிப்பு உத்திகளை வரிசையாக எடை போட்டார்கள். கோடு போடுவதற்கும் மறுபடி படிப்பதற்கும் கீழ் இடம். தன்னையே சோதித்துக்கொள்வதற்கும், இடைவெளி விட்டுப் படிப்பதற்கும் மேல் இடம்.

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா]

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். படிக்கும் பகுதி இதுதான்:

"தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவில் இடைவெளி விட்ட அறுகோண அமைப்பில் அடுக்கிக்கொள்கின்றன. அதனால் அதே தண்ணீர் உறைந்த பிறகு சுமார் 9 சதவீதம் கூடுதல் இடத்தை அடைக்கிறது. நிறை மாறாமல் கனஅளவு கூடுவதால் அடர்த்தி குறைகிறது. எனவே பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது."

படித்தாகிவிட்டது. எளிமையாகத்தான் இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால், பெரும்பாலும் தாளில் வருவது இப்படி இருக்கும்:

"பனிக்கட்டி தண்ணீரை விட லேசானது, அதனால் மிதக்கிறது. தண்ணீர் உறையும்போது விரிவடைகிறது."

இதில் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலை மாதிரி ஒரு பனிப்பாறை மிதக்கிறது, கையளவு கூழாங்கல் மூழ்குகிறது. அப்படியென்றால் 'லேசானது' என்பது எதைச் சொல்கிறது? அடர்த்தி என்ற கருத்து வழியிலேயே நழுவிவிட்டது. அடுத்து, ஏன் விரிவடைகிறது? பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குமே? பதில் அந்த அறுகோண அமைப்பில் இருந்தது, எழுதியவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். படிக்கும்போது இந்த இரண்டு ஓட்டையும் கண்ணில் படவே இல்லை. எழுதி, ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தன.

இப்போது மறுபடி அந்தப் பகுதிக்குப் போனால், கண் நேராக அந்த இரண்டு இடத்துக்கும் ஓடும். இந்தப் படிப்பு முன்னதைப் போல இருக்காது, கேள்வியோடு போகிற படிப்பு. மறுபடி படிப்பதில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. எழுதிப் பார்ப்பதற்கு முன்னால் வந்தால் அது சும்மா, பின்னால் வந்தால் அது மருந்து.

[திரை வெறுமையாக, 20 விநாடி]

இங்கே வீடியோவை நிறுத்துங்கள். எபிங்ஹாஸ் எதை அளந்தார்? அசைகள் என்பது பதில் இல்லை, எதைக் கணக்கிட்டு அளந்தார் என்பதுதான் கேள்வி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எவ்வளவு மறந்தார் என்று" என்பது உங்கள் பதில் என்றால் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

[திரையில்: ஐந்து அறைகள் கொண்ட அட்டைப் பெட்டி]

இடைவெளி விட்டுச் சோதிக்க ஒரு பழைய, மலிவான ஏற்பாடு இருக்கிறது. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் பிரபலப்படுத்தியது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே சோதனை தாமதமாக வரும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ஆன்கி போன்ற செயலிகள் செய்வதும் இதே வேலைதான், கணக்கை மட்டும் கணினி போடுகிறது. ஒரே எச்சரிக்கை: யாரோ தயாரித்த ஐயாயிரம் அட்டைகளை இறக்கிக்கொண்டு உட்காராதீர்கள். கேள்வியை நாமே எழுதுவதில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது.

இனி மொழிக்கு வருவோம். சுயமாகப் படிப்பவர்கள் அதிகம் சிக்கித் தவிப்பது இங்கேதான். பாடம் கேட்கிறோம், புரிகிறது. படம் பார்க்கிறோம், புரிகிறது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

[திரையில்: 18ஆம் நூற்றாண்டு அச்சுக்கூடம்]

பாஸ்டன் நகரில் தன் அண்ணனின் அச்சுக்கூடத்தில் பயிற்சியாளாக இருந்த ஒரு பையன், பெஞ்சமின் பிராங்க்ளின். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மொத்தம் இரண்டு வருடத்துக்கும் குறைவு. லண்டனில் வெளிவந்த ஒரு கட்டுரைப் பத்திரிகையின் தொகுப்பு அவர் கைக்கு வந்தது. அந்த நடை பிடித்துப்போயிற்று. அப்படி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். என்ன செய்தார் என்பதைத் தன் சுயசரிதையில் சொல்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு எடுத்துக்கொள்வார். சில நாள் அதைத் தொடமாட்டார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தன் சொற்களில் திரும்ப எழுதுவார். மூலத்தோடு ஒப்பிடுவார், தவறைத் திருத்துவார். தன்னிடம் சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும், உரைநடையைச் செய்யுளாக்கி, மூலம் மறந்த பிறகு செய்யுளை மறுபடி உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சரியான வரிசையைத் தானே கண்டுபிடிப்பார். எப்போதாவது சின்ன விஷயங்களில் மூலத்தை விட நன்றாக எழுதிவிட்டதாகக்கூட அவருக்குத் தோன்றியதாம்.

கவனியுங்கள், ஆசிரியர் இல்லை, திருத்த ஆள் இல்லை. நல்ல மூலம் ஒன்றும், அதை மறக்கக் கொஞ்ச நாளும் மட்டும் இருந்தன. அந்த "சில நாள்" இல்லாவிட்டால் இந்த முறை வெறும் பார்த்தெழுதுதல்.

அவருக்கும் முன்னால், பின்னாளில் இங்கிலாந்து ராணியான முதலாம் எலிசபெத்தின் ஆசிரியர் ராஜர் ஆஸ்கம், லத்தீன் கற்க இரட்டை மொழிபெயர்ப்பைப் பரிந்துரைத்தார். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு, கொஞ்ச நேரம் விட்டு ஆங்கிலத்திலிருந்து மறுபடி லத்தீனுக்கு. அப்புறம் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நாம் ஆங்கிலம் படிக்கும்போது இதை அப்படியே செய்யலாம். ஐந்து வரி போதும். தமிழாக்குங்கள், இரண்டு நாள் தள்ளி வையுங்கள், தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்குங்கள். பெரிய சொற்களில் அதிகம் தப்பு வராது. தமிழில் வேற்றுமை உருபு பார்க்கும் வேலையை ஆங்கிலத்தில் தனித்தனிச் சின்னச் சொற்கள் பார்க்கின்றன. 'ஏ', 'தி' போன்றவையோ தமிழில் அப்படியே இல்லை. சிவப்பு மை விழுவது பெரும்பாலும் அங்கேதான். பத்து இலக்கண அத்தியாயம் சொல்லாததை, உங்களுடைய அந்த ஐந்து வரி உங்களுக்கென்றே சொல்லிவிடும்.

பேச்சுக்கும் இதே வழிதான், அதனால் நீட்டவில்லை. அரை நிமிட ஒலிப்பதிவைக் கேளுங்கள், நிறுத்துங்கள், அதே விஷயத்தைச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள், இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கும் கூச்சம் கொஞ்ச நாளில் போய்விடும்.

எதைப் படிப்பது என்பதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. சொற்களஞ்சிய ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கு: அகராதி உதவியில்லாமல் ஆங்கில நூலைப் படிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை. பெரிய எண்ணைக் கண்டு மிரளாதீர்கள், முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 98 சதவீதம் என்றால் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஒரு புத்தகத்தின் முதல் ஐம்பது சொல்லில் ஐந்தாறு தெரியவில்லையென்றால் அது உழைத்துப் படிக்க வேண்டிய புத்தகம். சாய்ந்துகொண்டு படிக்க இன்னும் எளிமையானதை எடுங்கள். சிறுவர் நூல் என்றால் கௌரவம் ஒன்றும் குறையாது.

[திரையில்: கையெழுத்து நோட்டு, மூன்று வரிகள்]

இனி நோட்டு. சுயபரிசீலனை என்றதும் பலரும் மனநிலையை எழுதுகிறார்கள்: இன்று சோர்வு, நாளை முதல் கண்டிப்பாக. மனசுக்கு நல்லது, எழுதலாம். படிப்புக்கு அதனால் பெரிய லாபம் இல்லை என்பது என் கட்சி. படிப்புக்கு வேண்டிய குறிப்பு மூன்று வரிதான். சோதனைக்கு முன் ஒரு கணிப்பு, சோதனைக்குப் பின் நடந்தது, அடுத்து என்ன. உதாரணமாக: "இறந்தகால வினைகள், பத்துக்கு எட்டு வரும். வந்தது நான்கு. ஒழுங்கில்லாத வினைகளில் மட்டும் தப்பு, நாளைக்கு அவை மட்டும்." சில வாரம் இப்படி எழுதினால் எந்தப் பகுதியில் நாம் நம்மைக் கூடுதலாக மதிப்பிடுகிறோம் என்பது தேதியோடு கண்முன்னே இருக்கும். சில பகுதிகளில் குறைவாக மதிப்பிட்டிருப்பதும் தெரியவரும். அங்கே வீணாகப் போகிற நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வகைத் தவறு மிஞ்சும். ஒப்பிட்டுப் பார்த்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாத தவறு. உச்சரிப்பில் அது சகஜம். காது பிரித்தறியாத ஒலியை எத்தனை தடவை பதிவு செய்து கேட்டாலும் பயனில்லை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இளமையில் புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளாக இருந்து, தானாகப் படித்து வந்தவர். 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, விரிவாக எழுதி, தானே கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது: எழுத்து நடையைச் சீராக்கவே பெஞ்சமின் அபட் என்ற நண்பரோடு கடிதம் எழுதத் தொடங்கினார். எட்வர்ட் மக்ராத் என்ற இன்னொரு நண்பர் பல ஆண்டுகள் வாரந்தோறும் அவரோடு உட்கார்ந்து உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் திருத்தினார். பின்னாளில் மேடையில் வேகமாகப் பேச ஆரம்பித்தால், 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்று அவர் கண்ணில் படும்படி வைக்கப்படும்.

அப்படி ஒருவர் கிடைத்தால், அவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "எந்த வரியில் நின்று இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். பேச்சு என்றால், "எந்த இடத்தில் ஊகிக்க வேண்டியிருந்தது?" இதற்குப் பதில் சொல்ல அவர் இலக்கணப் புலவராக இருக்க வேண்டியதில்லை, கேட்டவராக இருந்தால் போதும். அவர் காட்டிய இடங்களை அன்றைக்கே அட்டையாக எழுதி, முதல் அறையில் போட்டுவிடுங்கள்.