பட்டன் இருக்கிறதே என்று விட்டுவிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

டயர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, இது இன்னும் எவ்வளவு ஓடும்?" கிலோமீட்டர் கணக்கில் பதில் வேண்டும் அவர்களுக்கு. அப்படி ஒரு கணக்கு யாராலும் சொல்ல முடியாது. ஒரு கார் வாரந்தோறும் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறது, இன்னொன்று நான்குவழிச் சாலையில் நேராகப் போய் நேராக வருகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தேயுமா?

அதனால் டயரையே பார்த்துவிடுவது நல்லது. முதலில் பட்டன், அதாவது டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கிற ரப்பர். புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அங்கங்கே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் உண்டு. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். டயரின் தோள்பட்டையில், அதாவது மேற்பரப்பும் பக்கவாட்டும் சேரும் ஓரத்தில், ஒரு முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ போட்டிருப்பார்கள். அதற்கு நேராகப் பார்த்தால் மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயர் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் கார்களுக்குச் சொல்கிற அளவும் இதே 1.6 தான்.

ஆனால் அது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டயர் சாலையைத் தொடுகிற இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். மழையில் வேகமாகப் போகும்போது அந்த இடத்திலிருக்கும் தண்ணீர் முழுவதும் பள்ளங்கள் வழியாக வெளியேறியாக வேண்டும். பள்ளம் ஆழமில்லையென்றால் தண்ணீர் அடியிலேயே தங்கி வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக் பிடித்தாலும் பிடிக்காது. காய்ந்த ரோட்டில் இந்தக் குறை தெரியவே தெரியாது. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று. நிறுத்தியிருக்கிற காரின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுகிறார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்திவிட்டு, இறங்கி முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டுப்போன வண்டியில் வெளிப்பக்கம் பட்டனோடு இருக்கும், உள் ஓரம் மட்டும் மழுங்கிக் கம்பி எட்டிப்பார்க்கும். இங்கே கை வைக்காதீர்கள், கிழித்துவிடும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

பக்கவாட்டில் கட்டி மாதிரி வீங்கியிருந்தால் பேச்சே இல்லை, கழற்றிவிட வேண்டும். சாலைப் பள்ளத்திலோ வேகத்தடையிலோ இடித்ததில் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் ஒட்டும் கிடையாது, ஓட்டையில் செருகும் திரியும் கிடையாது.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற காருக்கு வருகிறேன். பெரியவர் ஒருவரின் கார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு, எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கு. மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கிறது. வாங்கி எட்டு வருஷம் ஆகியும் பட்டன் பளிச்சென்று இருக்கும். "ஓட்டவே இல்லையேப்பா, அதை ஏன் மாத்தணும்?" என்பார் அவர். ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை. வெயிலிலும் காற்றிலும் சும்மா நின்றாலே இறுகிப்போகும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மயிரிழை போல் வெடிப்புகள் ஓடியிருக்கும்.

டயரின் வயது அதன் மேலேயே எழுதியிருக்கிறது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளியே காணோம் என்றால் டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை கடையில் காட்டுங்கள், பத்து வருஷமானால் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்குப் பத்து என்பது என் பார்வையில் ரொம்ப நீளம். வெயிலில் நிற்கிற காருக்கு ஆறு வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். டிக்கியில் தூங்குகிற ஸ்டெப்னிக்கும் வயதாகிறது, அதை யாரும் நினைப்பதில்லை.

அந்தப் பெரியவரின் காரைத்தான் மே மாதம் லீவுக்கு எடுப்பார்கள். ஆள் நிறைய, பெட்டிகள் மேலே, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு. கிளம்பும்போது யாராவது ஒருவர், "வெயில் காலம், காத்தைக் குறைச்சே அடிங்க, இல்லாட்டி வெடிச்சிரும்" என்று யோசனை சொல்வார். இது தலைகீழான யோசனை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதிலேயே உள்ளுக்குள் சூடு ஏறும். சுமையும் வேகமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். இறுகிப்போன பழைய ரப்பர் அதைத் தாங்காது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்று அதில் தனியாகப் போட்டிருந்தால், காலையில் டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள். டயரின் மேல் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு; அது உங்கள் காருக்கான அளவு அல்ல.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டுப் புதுசு போல அடுக்கிவைப்பதும் நடக்கிறது. பள்ளத்துக்குள் நான் முன்னே சொன்ன குறுக்கு மேடுகளைத் தேடுங்கள். அவை வெட்டுப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். அடியில் கம்பிக்கும் ரோட்டுக்கும் நடுவே மெல்லிய தோல்தான் மிச்சம்.

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க எல்லோருக்கும் முடியாது. இரண்டு மட்டும் வாங்கினால் எங்கே மாட்டுவது? எஞ்சின் முன்னால் இழுக்கிறது, ஸ்டியரிங்கும் முன்னால், அதனால் புதுசு முன்னால் என்றுதான் பலரும் கேட்பார்கள். புதியவை பின்னால் போக வேண்டும். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். அதைப் பழகிய டிரைவர்கூடச் சமாளிப்பது கஷ்டம்.

கழற்றிய பழைய டயரைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மொட்டைமாடியில் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். போகியன்று கொளுத்தினால் தெருவே இருமும். கடையிலேயே விட்டுவிடுங்கள், மறுசுழற்சிக்கு எடுத்துப்போக ஆள் வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.