விருப்ப விதிகள்: கேம்பெயினில் சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

[திரையில்: கட்டம் போட்ட வரைபடம், இருபது முகப் பகடைகள், நான்கு கேரக்டர் தாள்கள்]

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கேம்பெயின் (பல அமர்வுகளாகத் தொடரும் கதை) ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். ஆட்டம் பாதி வழியில் இருக்கும்போது ஒரு விருப்ப விதியைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து விளக்குகிறேன். அந்தப் பதிப்பில் விருப்ப விதிகள் ஏராளம். பலரும் அடிப்படை விதிகள் என்றே எண்ணிக்கொண்டிருக்கும் ஃபீட்டுகளும் (கேரக்டருக்குச் சேர்க்கும் சிறப்புத் திறன்கள்) மல்டிகிளாசும்கூட (ஒரே கேரக்டர் ஒன்றுக்கு மேற்பட்ட வீரர் வகைகளை ஏற்பது) அதில், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் அனுமதித்தால் மட்டுமே செல்லும். 2024-இல் திருத்தி வெளியிட்ட ஆட்டக்காரர் கையேட்டில்தான் ஃபீட்டுகள் எல்லோருக்கும் உரிய பொது விதியாயின.

ஒரு விருப்ப விதி ஆட்டத்துக்குள் வந்ததுமே, ஆட்டக்காரர்கள் முன்பே செய்துவிட்ட தேர்வுகளின் மதிப்பு ஏறவோ இறங்கவோ தொடங்கிவிடுகிறது. எனவே, இந்த விதி சுவையாக இருக்குமா என்று கேட்பதற்கு முன், இதனால் யாருடைய எந்தத் தேர்வு மதிப்பிழக்கும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: ஓர் எதிரி உருவம், அதன் இரு எதிர்ப்புறங்களிலும் இரண்டு வீரர்கள்]

ஃபிளாங்கிங் விதியை எடுத்துக்கொள்வோம். எதிரியின் இரு எதிரெதிர்ப் பக்கங்களில் நம் வீரர்கள் இருவர் நின்றால், அந்த எதிரியை அருகிலிருந்து தாக்கும் இருவருக்கும் அட்வான்டேஜ் கிடைக்கிறது. அதாவது இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வீரர்கள் களத்தில் இடம்பார்த்து நகர்வார்கள் என்பதற்காகப் பலரும் இதைச் சேர்க்கிறார்கள். அந்த நோக்கம் நல்லதுதான், ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எதிரியைத் தாக்க இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பகடையில் அதற்கான வாய்ப்பு 65 சதவீதம். இப்போது கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் வைத்திருக்கும் ஃபைட்டர் (ஆயுதப் போர்வீரர்) ஒருவர் வருகிறார். கனமான ஆயுதத்தால் தாக்கும்போது, உருட்டும் எண்ணில் 5-ஐக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், அடி பட்டவுடன் 10 புள்ளிகள் கூடுதல் சேதம் என்பது அந்த ஃபீட்டின் பேரம். அவருக்கு இனி 13 விழ வேண்டும். வாய்ப்பு 40 சதவீதமாகச் சரிகிறது. ஃபிளாங்கிங் தரும் அட்வான்டேஜோடு அதே 13-ஐ உருட்டினாலோ வாய்ப்பு 64 சதவீதம். ஃபீட்டும் ஃபிளாங்கிங்கும் இல்லாதபோது இருந்த 65-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு சதவீதம்தான். ஆகவே, யோசித்து எடுக்க வேண்டிய பேரமாக இருந்த அந்த 10 புள்ளிகள், ஏறத்தாழ இலவசமாகவே அவர் கைக்கு வந்துவிடுகின்றன.

அதே மேசையில் பார்பேரியன் என்ற மூர்க்க வீரராக ஆடுபவரையும் பாருங்கள். ரெக்லெஸ் அட்டாக் என்ற தன் திறன் மூலம் அட்வான்டேஜ் பெற, அடுத்த முறை தன் ஆட்டம் வரும்வரை எதிரிகளும் தன்மீது அட்வான்டேஜோடு தாக்கலாம் என்ற விலையை அவர் கொடுத்துவந்தார். இப்போது பக்கத்து வீரர் இரண்டடி நகர்ந்து நின்றாலே அது எல்லோருக்கும் கிடைக்கிறது. அட்வான்டேஜ் எத்தனை பக்கங்களிலிருந்து வந்தாலும் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகாது என்பதால், அவருடைய சிறப்புத் திறன் பெருமளவு வீணாகிவிடுகிறது. எண்ணிக்கையில் மிகுந்த கோப்ளின் கூட்டம் நம் வீரர்களைச் சூழ்ந்துகொண்டால், இதே சலுகை அந்தக் கூட்டத்துக்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

பல மேசைகளில் அட்வான்டேஜுக்குப் பதிலாக +2 மட்டும் கொடுக்கிறார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஃபிளாங்கிங் அப்படித்தான் இருந்தது. நம் ஃபைட்டருக்கு அது 50 சதவீத வாய்ப்பைத் தரும். இடம்பார்த்து நகர்ந்ததற்குப் பலன் இருக்கும், பேரமும் பேரமாகவே நிற்கும். நான் பரிந்துரைப்பதும் இதையே.

[திரையில்: மலைப்பாதை, ஏழு நாள்களைக் காட்டும் கோடு]

அடுத்தது கிரிட்டி ரியலிசம் என்ற ஓய்வு விதி. செலவான மந்திரங்களும் திறன்களும் திரும்பக் கிடைக்க வீரர்கள் ஓய்வெடுக்க வேண்டும். வழக்கமாக ஷார்ட் ரெஸ்ட் ஒரு மணி நேரம், லாங் ரெஸ்ட் எட்டு மணி நேரம். இந்த விதியில் ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரமாகவும் லாங் ரெஸ்ட் ஏழு நாள்களாகவும் நீள்கின்றன. ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை தாங்கலாம் என்ற கணக்கில் அமைந்தது ஐந்தாம் பதிப்பு. நெடும்பயணமும் அரசியல் சூழ்ச்சியுமாகப் போகும் கேம்பெயினில் நாளுக்கு ஒரு மோதல் வந்தாலே அதிகம். அப்போது மந்திரவாதியான விசார்ட் தன் மந்திரங்கள் அனைத்தையும் அந்த ஒரே சண்டையில் கொட்டித் தீர்க்கிறார். சிறு ஓய்வுகளை நம்பி வடிவமைக்கப்பட்ட ஃபைட்டரும், மந்திரம் போடும் இன்னொரு வகையினரான வார்லாக்கும் பின்தங்கிப்போகிறார்கள். அத்தகைய கதைக்கு இந்த விதி மிகவும் பொருத்தமானது. ஒரு வாரத்து மோதல்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு சாகச நாளின் கணக்குக்குள் வந்துவிடுகின்றன.

ஆனால் ஓய்வு நீண்ட அளவுக்கு மந்திரங்களின் ஆயுள் நீள்வதில்லை. உடலைக் காக்கும் மேஜ் ஆர்மர் மந்திரம் எட்டு மணி நேரம் நிற்கும். வழக்கமான ஆட்டத்தில் காலையில் ஒருமுறை போட்டுக்கொண்டால் அது தீர்வதற்குள் பெரும்பாலும் அன்றைய சண்டைகள் முடிந்துவிடும். இந்த விதியிலோ, ஒரு வாரத்துக்குப் பிறகே திரும்பக் கிடைக்கும் ஸ்பெல் ஸ்லாட்டை (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பை) செலவழித்து எட்டே மணி நேரப் பாதுகாப்பைத்தான் வாங்க முடியும். அந்த மந்திரத்தை முன்பே தேர்ந்துவைத்திருக்கும் ஆட்டக்காரரிடம் இதைச் சொல்லாமல் விதியை மாற்றுவது முறையன்று. நீண்டநேர மந்திரங்களின் கால அளவையும் ஓய்வுக்கேற்பக் கூட்டுங்கள். மூன்று நாளில் பலி நடக்கப்போகிறது என்பதுபோன்ற கெடு வைத்த கதை உங்களுடையது என்றால், ஏழு நாள் ஓய்வு அதற்குப் பொருந்தவே பொருந்தாது.

சுமை விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படை விதியில் வலிமை எண்ணைப்போல் 15 மடங்கு பவுண்டு சுமக்கலாம். விருப்ப விதியில் 5 மடங்கைத் தாண்டியதுமே வேகம் 10 அடி குறையும். வலிமை 16 உள்ளவருக்கு வரம்பு 80 பவுண்டு. செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசம் 55, கேடயம் 6, பத்து நாள் உணவு 20 என்று கூட்டினால் 81. வாளை எடுப்பதற்கு முன்பே அவர் நடை தளர்ந்துவிடுகிறது! உணவுக்கும் நீருக்கும் தட்டுப்பாடு உள்ள பாலைவனப் பயணக் கதைக்கு இது உயிரூட்டும். மற்ற இடங்களில் வெறும் கூட்டல் வேலைதான்.

நிலைத்த காய விதியைச் சேர்ப்பதில் எனக்கு அதிகத் தயக்கம் உண்டு. கிரிட்டிகல் அடி (மிகப் பலத்த அடி) பட்டாலோ, உயிர்ப் புள்ளிகளான ஹிட் பாயின்ட் பூஜ்யமானாலோ இருபது முகப் பகடையை உருட்டிக் காயத்தைத் தீர்மானிக்கலாம். 1 விழுந்தால் கண் போய்விடும், 2 விழுந்தால் முழுக் கையோ மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையோ போய்விடும். எதிரிகள் ஒரு சண்டையோடு மறைந்துவிடுகிறார்கள். வீரர்களோ கேம்பெயின் முழுவதும் அடி வாங்குகிறார்கள், அதிலும் முன்வரிசையில் நிற்பவர்களே மிகுதியாக வாங்குகிறார்கள். இழந்த உறுப்பை மீட்கும் ரீஜெனரேட் ஏழாம் நிலை மந்திரம். இறையருளால் மந்திரம் போடும் கிளெரிக் ஒருவர் 13-ஆம் லெவலை எட்டினால்தான் அது கிட்டும். தோழர்களைக் காக்க முன்னால் நிற்பதாக முடிவெடுத்தவருக்கு மட்டும் தண்டனை தருகிற விதியாக இது மாறிவிடக் கூடும். சேர்த்தே ஆக வேண்டுமானால், கிரிட்டிகல் அடிகளை விட்டுவிட்டு, பூஜ்யத்துக்கு விழும்போது மட்டும் உருட்டச் சொல்லுங்கள்.

[திரையில்: மேசையைச் சுற்றி ஐவர், நடுவில் ஒரு தாள்]

விதியைக் கொண்டுவரும் முறைக்கு வருவோம். கேம்பெயின் தொடங்குவதற்கு முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவே இதற்கு ஏற்ற இடம். அது கடந்துவிட்டிருந்தால், ஓர் அமர்வு முடிந்த பிறகு எல்லோரிடமும் சொல்லி அடுத்த அமர்விலிருந்து நடைமுறைப்படுத்துங்கள். ஒரே நேரத்தில் ஒரு விதியை மட்டும் சேர்த்தால்தான், ஆட்டம் மாறியதற்குக் காரணம் அதுதானா என்று தெரியும்; ஃபீட்டும் ஃபிளாங்கிங்கும் சேர்ந்து செய்த வேலையை இப்போதுதான் கண்டோம். நான்கு அமர்வுகள் சோதித்துப் பார்ப்போம் என்று கெடுவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெடு முடிந்ததும், விதியால் பயன்பெற்றவரைவிட இழந்தவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். விதி நிலைக்கிறது என்றால், மதிப்பிழந்த மந்திரத்தையோ ஃபீட்டையோ அவர் செலவில்லாமல் மாற்றிக்கொள்ளட்டும். விதியை நீக்குகிறீர்கள் என்றால், அதை நம்பி ஃபீட் எடுத்தவருக்கும் அதே உரிமையைக் கொடுங்கள்.